விசிலுக்குப் பந்தைக் கீழே வைத்த அணி

அன்று ரயில் இஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டின் மைதானத்தில் இருந்தவர்கள்: திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஆலையின் சம்பள அணி, ஐந்து பேர். விழுப்புரம் லோகோ ஷெட் அணி, ஐந்து பேர். ஆலை முதலாளி சுப்பராயலு, நாற்காலியோடு. ஷெட் போர்மன் கோதண்டபாணி, நாற்காலி இல்லாமல். நடுவர் தேவநாதன், ரிட்டையரான ரயில் கார்டு. ஆலை அணியின் தாண்டவராயனுக்கு வாய்த்த மனைவி பொன்னி. வேலை இல்லாத நூறு பேர். ஒரு ஆடு.

வருஷம் 1938. அமெரிக்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் பாஸ்கட்பால் ஆடுகிற அணிகள் இருப்பதாக யாரோ ஒரு பாதிரியார் சொல்ல, சுப்பராயலு கேட்டுவிட்டார். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். மூட்டை தூக்குகிறவர்களில் உயரமான ஐந்து பேரைப் பொறுக்கினார். தாண்டவராயன்தான் உயரம், ஆறேகால் அடி. ஆறு மாதமாக அவன் மூட்டையைத் தொடவில்லை. அவன் கழுத்து அப்போதுதான் இரண்டு பக்கமும் திரும்ப ஆரம்பித்திருந்தது.

"இன்னிக்குத் தோத்தீன்னா நாளைக்குக் காலைல மூட்டைதான்டா" என்றார் சுப்பராயலு.

"சரிங்க மொதலாளி" என்றான் தாண்டவராயன். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

ஆட்டம் ஆரம்பித்தது. ஆலைக்காரர்கள் பந்தைக் கை மாற்றிக் கை மாற்றி, லாரிக்கு மூட்டை ஏற்றுவதுபோல வரிசையாக அனுப்பினார்கள். கடைசியில் நின்ற தாண்டவராயன் அடுக்கின் மேல் கடைசி மூட்டையை வைப்பதுபோல அதைக் கூடைக்குள் வைத்தான். ஜனம் கத்தியது. ஆடு ஓடியது.

பிறகு ஒருவன் எல்லைக்கோட்டை மிதித்ததற்காக தேவநாதன் விசில் ஊதினார். வந்தது வினை.

ஆலையில் விசில் என்றால் தூக்கியதை நின்ற இடத்திலேயே வைத்துவிட்டுக் கஞ்சிக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஐவரும் பந்தைத் தரையில் வைத்துவிட்டு வரிசையாக வெளியே நடந்தார்கள். ரயில்வேக்காரர்களுக்கு கார்டு விசில் ஊதினால் வண்டி கிளம்ப வேண்டும். அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கூடையில் போட்டார்கள்.

"இன்னா சார் இது? ஊதினா நிக்கணும்ல?" என்று சுப்பராயலு எழுந்தார்.

"கெளம்பின வண்டிய நான் எப்படிங்க நிறுத்தறது?" என்றார் தேவநாதன். அவர் கை பச்சைக் கொடி காட்டுவதுபோல மேலேயே நின்றது. புள்ளி செல்லும் என்றார்.

பாதி ஆட்டத்தில் ஷெட் பதினான்கு, ஆலை இரண்டு. ஏழு தடவை ஊதியிருந்தார்.

"கஞ்சி எங்க வெச்சிருக்குன்னு கேட்டுட்டு வாயேன்" என்று பொன்னி சீறினாள். "வெக்கமா இல்ல? ராத்திரியெல்லாம் உன் கழுத்துல எண்ண தேச்சிக்கினு நான் கெடக்கணுமா?"

"காதுல விழுந்துட்டா கால் நடக்குதுடி. நான் இன்னா பண்ணட்டும்?"

"அப்ப விழாம பண்ணிக்கோ. ஜல்தி!"

இஞ்சின் துடைத்துப் போட்ட பஞ்சு மைதானத்து ஓரத்தில் குவிந்து கிடந்தது. பொன்னி அதைக் கிள்ளிக் கிள்ளி ஐவர் காதிலும் அடைத்தாள். கறுப்பு எண்ணெய் தோள்வரை வழிந்தது.

இரண்டாம் பாதியில் தேவநாதன் முகம் சிவக்க ஊதினார். யாரும் நிற்கவில்லை. மூட்டை வரிசை கலையவில்லை. ஆலை இருபத்துநாலு, ஷெட் இருபது. ஆட்டம் முடிந்த விசிலும் ஐவருக்குக் கேட்காததால், எதிரணி வீட்டுக்குப் போனபிறகும் பதினொரு கூடை போட்டார்கள்.

கோதண்டபாணி வந்து தாண்டவராயனின் தோளைத் தட்டினார். "எங்க ஷெட்டுக்கு வந்துடுப்பா. இஞ்சின் தொடைக்கிற கலாசி வேலை. பர்மனென்ட். ஆட்டம் மட்டும் ஆடு."

தாண்டவராயன் சிரித்துத் தலையாட்டினான். காதில் பஞ்சோடு, யார் என்ன சொன்னாலும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சுப்பராயலு அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டார். அவனையும் பொன்னியையும் காரின் பின்பக்கம் தள்ளி, தான் முன்னால் ஏறி வண்டியைத் திண்டிவனத்துக்கு விரட்டினார்.

வழியில் பொன்னி அவன் காதுப் பஞ்சைப் பிடுங்கினாள். "யோவ், ரயில்வேல வேல குடுக்கறாங்கய்யா உனக்கு!"

"எனக்கா? மூட்டை இல்லாமலா?" அவன் முன்பக்கம் குனிந்தான். "மொதலாளி, நான் அங்கயே போறேங்க."

"தாராளமா போ" என்றார் சுப்பராயலு. "ஜெயிச்சவன் பட்டினியா போவலாமா? சாப்ட்டுட்டுப் போ."

ஆலைக் கிடங்கில் இலை போட்டு, கோழிக் குழம்பு ஊற்றியிருந்தது. மூன்று பக்கமும் மூட்டை. தாண்டவராயன் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தான்.

"நீ வெளியவே இரும்மா, உனக்குத் தனியா வரும்" என்று பொன்னியிடம் சொல்லிவிட்டு, சுப்பராயலு கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.