உள்பை

என் மச்சான் போரில் வீரமரணம் அடைந்தவன், பதக்கம் வாங்கியவன். அதற்காக அவன் என்னைத் திருடன் என்று சொன்னதை நான் மறந்துவிட வேண்டுமா?

நான் தையல்காரன். என் தங்கையைத்தான் அவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். சிகரெட்டைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அதனால் லீவில் வரும்போதெல்லாம் அவன் சட்டைகளில் இடது அக்குளுக்குக் கீழே, வெளியே தெரியாமல் ஓர் உள்பை தைத்துக் கொடுப்பேன். அந்தப் பையைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அதில்தான் சிக்கல். சிகரெட்டை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நிற்பான்.

"மச்சான், ஒண்ணு குறையுதுடா."

"நான் எடுக்கலடா."

"அப்ப யாரு, பையே குடிச்சுதா?"

அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். கடைசியாகப் போருக்குக் கிளம்பியபோதுகூட ரயில் ஜன்னலில் இருந்து, "வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன், திருட்டுப்பயலே" என்று கத்தினான். பிளாட்பாரமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவன் திரும்பி வரவில்லை. பதக்கம்தான் வந்தது.

தங்கை அந்தப் பதக்கத்தை வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. விளக்கு வைத்ததும் வெளியே எடுப்பாள், முந்தானையால் துடைப்பாள், அப்புறம் சாப்பாடு இறங்காது. நூலகத்தில் அவனுக்கு ஒரு பொம்மை வைத்து, சீருடை மாட்டி, பதக்கத்தைக் குத்தி, சுற்றிலும் கண்ணாடி போடப்போகிறோம் என்று நூலகத் தலைவர் வந்து கேட்டபோது, பீடை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் சுலபத்தில் சம்மதிக்கவில்லை.

"ஒரு கூட்டத்துல சிங்கம்னாங்க, இன்னொண்ணுல மலைன்னாங்க. யாரைப் பத்திப் பேசறாங்கன்னே புரியல அண்ணா. வந்து பாக்கறேன். அவர் மாதிரி இருந்தாத் தர்றேன். இல்லன்னா திருப்பி எடுத்துட்டு வந்துடுவேன்."

சீருடை தைக்கும் வேலை எனக்கு வந்தது. பொம்மை ஜவுளிக்கடையில் வாங்கியது. ஆறடி உயரம், ஒட்டிய வயிறு, எந்நேரமும் ஒரு சிரிப்பு. நான் அதை அளவெடுக்கவே இல்லை. துணியில் கத்தரி வைத்ததும் கை தானாக மச்சான் அளவுக்கே போய்விட்டது. மாட்டிப் பார்த்தால் கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது, வயிற்றில் துணி தொங்குகிறது.

"யாருக்குய்யா தைச்சே?" என்றார் தலைவர்.

"செத்தவனுக்கு."

மறுபடி தைக்க நேரமில்லை. பழைய செய்தித்தாளைச் சுருட்டி வயிற்றுக்குள் திணித்தோம். முகம் ஜவுளிக்கடை, தொப்பை மச்சான்.

விழா அன்று தலைவர் அவனைப் புலி என்றார். பிறகு எல்லோரையும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். தங்கை பதக்கத்தைக் கையில் பொத்திக்கொண்டு பொம்மையின் முகத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். சரி, பதக்கம் வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். அப்போது அவள் கண் அந்தத் தொப்பைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

அவள் நேராகப் போய் மேல் பொத்தான்களைக் கழற்றி, சட்டைக்குள் கையை விட்டாள். இடது அக்குளுக்குக் கீழே. அப்போதுதான் எனக்கே உறைத்தது. பழக்கதோஷத்தில் இதிலும் உள்பை வைத்துத் தைத்திருக்கிறேன்.

"இதுலயுமா வெச்சே?" என்று கிசுகிசுத்தாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தினமும் ஒண்ணு எடுத்து அடுப்புல போடுவேன். சொன்னாக் கேக்கமாட்டார். குறையவாவது குறையட்டுமேன்னு."

"அடிப்பாவி! அவன் என்னைத் திருடன்னான். ரயில்ல இருந்து ஊரே கேக்கற மாதிரி சொன்னான்!"

"அதுக்கா அன்னிக்குக் கத்தினார்?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. மௌன அஞ்சலி இன்னும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையானது. சாவுச் செய்தி வந்த நாளில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பதக்கத்தை அந்த உள்பைக்குள் போட்டுப் பொத்தான்களை மாட்டினாள்.

தலைவர் கனைத்தார். "அம்மா, அதை வெளியில குத்தணும். எல்லாரும் பாக்கணுமில்ல?"

"அவர் ஆசைப்பட்டு வெச்சுக்கறதெல்லாம் இங்கதாங்க இருக்கும்" என்றாள்.

அன்று ராத்திரி அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கடை திறக்கும் முன் நூலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்டிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "டேய், எடுத்தது உன் பெண்டாட்டிடா. நான் இல்ல" என்றேன்.

பொம்மை அதே சிரிப்போடு நின்றது. நம்பின மாதிரி தெரியவில்லை.