வாசலில் தொங்கிய சாட்டை

எல்லையில எங்க கசாக்குகளுக்கும் மங்கோலியருக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்ட குளிர்காலம் அது. ஓடிப்போன குதிரையைத் தேடிப் போன என் தம்பி தோக்தர் திரும்பவே இல்ல. எனக்கும் அவனுக்கும் நடுவுல பிறந்த ரெண்டும் தங்கல. அதான் 'நிலைச்சு இரு'ன்னு அர்த்தம் வர்ற பேரை அம்மா வச்சா. இப்ப அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே அழுதா. நான் போகாம இருக்க முடியுமா?

அல்தாய் மலைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு மங்கோலியக் கூடாரம் தெரிஞ்சுது. வாசல்ல ஒரு சாட்டை தொங்குச்சு, நரிவால் கட்டினது. தோக்தரோடதேதான். விருந்தாளி சாட்டையை வாசல்ல மாட்டிட்டு உள்ள போறது அவங்களுக்கும் எங்களுக்கும் ஒரே வழக்கம். அப்படின்னா அவன் உள்ளதான இருக்கணும்?

இல்ல. கோம்போன்னு என் அப்பா வயசுல ஒருத்தர், அவரோட ரெண்டு மகன்க, அவ்வளவுதான். என் கையைப் பார்த்ததும் மகன்க எழுந்துட்டாங்க. சனியன், பதட்டத்துல என் சாட்டையோடயே நுழைஞ்சிருக்கேன். சண்டைக்கு வர்றவன்தான் அப்படி நுழைவான். ஒருத்தன் துப்பாக்கியை நீட்டினான்.

கறுப்பு, நீலம், பொன்னு, இந்தச் சொல்லெல்லாம் ரெண்டு பாஷையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதை வச்சு உயிர்ப்பிச்சை கேக்கவா முடியும்? நல்லவேளை, கோம்போ சந்தையில எங்க பாஷை பழகினவர்.

"உன் எலும்பு எது?"ன்னு கேட்டார். அப்பன்வழிக் குலத்தை ரெண்டு பக்கமும் எலும்புன்னுதான் சொல்லுவோம்.

"கெரெய்."

துப்பாக்கி இறங்குச்சு. அவங்களும் அதே குலமாம், கெரெய்த்னு சொல்லுவாங்களாம்.

"போன மாசம் வந்த பையனும் இதையேதான் சொன்னான்"னார்.

"அவன் எங்கய்யா?" கேட்டுட்டேனே தவிர, பதில் வந்துடக் கூடாதேன்னு இருந்துச்சு.

ஆத்தோரமா குண்டடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிட்டு வந்தாங்களாம். விருந்தாளின்னு அவரே அவன் சாட்டையை வாசல்ல மாட்டினாராம். என்னைக் கூடாரத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போனார்.

அவங்க செத்தவங்களைத் திறந்தவெளியில விடுறவங்க. புதைக்கிறது நாங்கதான். அங்க ஒரு மண்மேடு இருந்துச்சு, சுத்தியும் கரி. உறைஞ்ச தரையை நெருப்பு போட்டு இளக்கித் தோண்டியிருக்காங்க.

"மண்ணுல வைங்கன்னு கேட்டானப்பா. நம்ம எலும்பு. எப்படி வெளியில போட மனசு வரும்?"

திரும்பி வந்து என் சாட்டையை அவன் சாட்டைக்குப் பக்கத்துல மாட்டினேன். அப்புறம்தான் உள்ள போய் அழுதேன்.