பெந்தகோஸ்துக்குப் போன லியோனார்ட்

1

முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. ராயபுரத்தில் என் கீழ்வீட்டு ஃப்ளோரன்ஸ் அக்காவின் போனுக்கு வந்த பதினோரு விநாடிக் குரல் செய்தி அது. அனுப்பியவர் அவள் கணவர் லியோனார்ட், பசிபிக் பக்கம் சுற்றும் உல்லாசக் கப்பலில் சமையல்காரர். அடுத்த மாதம் மாதா கோயிலில் மகள் ஆன்சியின் கல்யாணம்.

“ஃப்ளோரன்ஸு, நா பெந்தகோஸ்துக்கு வந்துட்டேன். செமையாக்கீது. கொடியக் கழட்டினாத்தான் இங்க...”

அதோடு சிக்னல் போய்விட்டது. பிறகு ஆள் கிடைக்கவே இல்லை.

2

‘நீலக் கடலின் நடுவே ஒரு கப்பல்’ (வேண்டாம். எல்லாரும் கடலில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

‘ஃப்ளோரன்ஸ் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.’ இது நடந்தது. இருக்கட்டும்.

“சபை மாறிட்டாரு நைனா. அங்க நகை போடக்கூடாதாம். என் தாலிக்கொடியக் கழட்டச் சொல்றாரு. இனிமே கோயிலுக்குள்ள வருவாரா? ஆன்சி கையப் புடிச்சி யாரு இட்டுனு போறது?”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள் தெருக் கத்தோலிக்கர் வாயில் ‘பெந்தகோஸ்து’ என்றால் அந்தப் பெயருள்ள திருநாளைவிட, எதிர்ச் சந்தில் கைதட்டிப் பாடும் சபைதான் முதலில் வரும்.)

3

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, அந்தப் பெயரை இணையத்தில் தேடினேன். வனுவாட்டு என்றொரு தீவு நாடு. அதில் ஒரு தீவின் பெயரே பெந்தகோஸ்து.

ஏப்ரல் முதல் ஜூன் வரை, வள்ளிக்கிழங்கு அறுவடையையொட்டி வருடா வருடம் அங்கே விழா. கம்புகளால் கோபுரம் கட்டி, கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு ஆண்கள் தலைகீழாகக் குதிக்கிறார்கள். கொடி கொஞ்சம் நீண்டால் கழுத்து போய்விடும். குதித்தவன் காலிலிருந்து கொடியைக் கழற்றினால்தான் எழுந்து ஆட முடியும்.

லியோனார்ட் சொல்ல வந்தது அந்தக் கொடியை.

அந்த ஊர்க் கதைப்படி முதலில் குதித்தவள் ஒரு பெண். துரத்திய கணவனிடமிருந்து தப்பிக்க மரமேறி, காலில் கொடி கட்டிக் குதித்துப் பிழைத்தாள். கட்டாமல் பின்னாலேயே குதித்தவன் செத்தான்.

4

உடனே கீழே ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கதை முடிந்துவிடுமே என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். (அயோக்கியத்தனம்தான். இந்த வரியை அடிக்கப் போவதில்லை.)

யோசித்து வைத்த முடிவுகள்: அக்கா பங்குச்சாமியாரிடம் போய் அழுகிறாள். அக்கா கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறாள். அக்கா கொடியை இறுகப் பிடித்துக்கொண்டு, செத்தாலும் கழற்ற மாட்டேன் என்று

5

நான் அந்த வரியை முடிப்பதற்குள் அவளே மாடியேறி வந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. கொடி கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

“கழட்டிட்டேன் நைனா. இருவத்தாறு வருசத்துல அந்த மனுசன் எங்கிட்ட ஒன்னும் கேட்டதில்ல. சம்பந்திங்க முன்னாடி வெறுங்கழுத்தா நிக்கணும். நிக்கிறேன். அவரு வந்தா போதும்.”

என் மூன்று முடிவிலும் இது இல்லை. கொடியைக் கழற்றிவிட்டுக் குதித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“இன்னா எழுதிகினு கீற?”

நான்கு பகுதிகளையும் அப்படியே நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து வாசிக்கிறாள். எதிரே உட்கார்ந்து நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“தொப்புனா உக்காந்தேன்?” என்று முறைக்கிறாள். அப்படியானால் இரண்டாம் பகுதிக்கு வந்திருக்கிறாள்.

நீங்கள் அவளைத் தாண்டி வந்துவிட்டீர்கள். மூன்றாம் பகுதியில் அவள் சிரிக்கலாம். நான்காம் பகுதியில் என்னை அறையலாம். அதை எழுதும் யோக்கியதை எனக்கில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திருப்புகிறாள். கைக்குட்டை இன்னும் அவள் மடியில்தான் இருக்கிறது.