முப்பத்தெட்டு மார்க்குக்கு விருந்து

தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் வாங்கப் போகிறவர்கள் ஸ்டாம்ப்போடு மட்டும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. மூன்றாம் நம்பர் கவுண்டரில் இருக்கும் போஸ்டாபீஸ் அக்கா, பார்சலை எடை போட்டுக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிய ஒரு கதையையும் ஒட்டி அனுப்பிவிடுவாள்.

"மார்க் ஷீட் வாங்கினா போதும், அப்பா என்னை நேரா ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். பஸ் டெப்போ எதிர்ல, மாடியில, திரைச்சீலைக்குப் பின்னாடி டேபிள். என்னை மட்டும்தான். தம்பியை ஒரு நாள் கூட்டிட்டுப் போனது கிடையாது!"

வரிசையில் நிற்கிற ஜனத்துக்கு இந்தக் கதை மனப்பாடம். சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீமில் முடியும். நடுவில் வறுத்த மீன் வரும். மீன் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஒரு விரற்கடை வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த அப்பா பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாகவே காலத்தை ஓட்டினார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இனித் தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வீடா, மகன் வீடா என்று கேள்வி வந்தது. தம்பி பேச்சோடு பேச்சாக, "அப்பா என்கூட இருக்கட்டும்" என்று சொன்னதும் அக்காவுக்குத் திக்கென்றது. அப்பா தன்னிடம் வராவிட்டால் இத்தனை வருஷம் கவுண்டரில் சொன்னதெல்லாம் என்ன ஆவது? வரிசையில் நிற்பவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அதனால் ஒரு யோசனை செய்தாள். சனிக்கிழமை மதியம் அப்பாவை அதே ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். திரைச்சீலை இருந்த இடத்தில் ஏசி இருந்தது. மற்றபடி அதே மூலை, அதே ஆடுகிற மேசை. செக்கர் நாற்காலியில் உட்காருமுன் பழைய வழக்கப்படி சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்தார், டிக்கெட் இல்லாதவன் எவனாவது ஒளிந்திருக்கிறானா என்பதுபோல.

சூப் வந்தது. கிழவர் கிண்ணத்தை வழித்து எடுத்தார். மீன் வந்தது. முள்ளுக்குக்கூட மரியாதை கொடுத்துச் சாப்பிட்டார். இதுதான் சமயம் என்று மகள் ஆரம்பித்தாள்.

"ஞாபகம் இருக்காப்பா? கணக்குல முப்பத்தெட்டு வாங்கினப்பகூட இங்கதான் கூட்டிட்டு வந்தீங்க. 'பாஸ் பண்ணிட்டேல்ல, கொண்டாடணும்'னீங்க."

"ஆமாமா."

"ஸ்லோ சைக்கிள் ரேஸ்ல கடைசியா வந்தப்பவும்."

"ஸ்லோ ரேஸ்ல கடைசின்னா அதுதானே முதல் பரிசு?"

"இல்லப்பா. கால் ஊனி அவுட் ஆனேன். அதுக்கும் ஐஸ்கிரீம்."

"ஓஹோ" என்றார் செக்கர், மீனைத் திருப்பிப்போட்டபடி.

"அப்போ நீங்க என்கூடத்தானே இருப்பீங்க?"

கிழவர் மெல்லுவதை நிறுத்தினார். உன் வீட்டில் மாடிப்படி என்றார். அவள் வீடு கீழ்த்தளம். தம்பி வீட்டில் காற்று நன்றாக வரும் என்றார். தம்பி வீட்டு ஜன்னல் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் சொல்லும் சாக்குகளை முப்பது வருஷம் கேட்ட மனுஷன், சொந்தமாக ஒரு நல்ல சாக்குச் சொல்லத் தெரியாமல் முழித்தார்.

"என்னைத்தானே செல்லமா வளர்த்தீங்க? அவனை ஒரு நாளாவது இங்க கூட்டிட்டு வந்திருப்பீங்களா?"

"அவனா? அவன் ஓட்டவாய். படியேறுறதுக்குள்ள உங்கம்மாகிட்ட ஒப்பிச்சிருப்பான். நீ வாயே திறக்க மாட்டே. அதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதையை ஸ்டாம்ப்போடு விநியோகித்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மாகிட்ட ஏன் மறைக்கணும்?"

செக்கர் தண்ணீரைக் குடித்தார். "உங்கம்மா ஆஸ்பத்திரி சமையலறையில வேலை பார்த்தா. தங்கமான மனுஷி. ஆனா வீட்டுலயும் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிறவனுக்குச் சமைக்கிற மாதிரியேதான் சமைப்பா. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. எல்லாம் பஞ்சா வெந்திருக்கும். மாசத்துக்கு ஒரு தடவையாவது பல்லுக்கு வேலை வேணாமா? தனியா வந்தா யாராவது பார்த்து அவகிட்ட சொல்லிடுவாங்க. புள்ள பாஸ் பண்ணிட்டா, அதான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லலாம்ல?"

"அப்ப என் மார்க்கு?"

"நீ மாசாமாசம் பரீட்சை எழுதினது எனக்கு எவ்வளவு சௌகரியமா இருந்தது தெரியுமா?"

அவளுக்குக் கண் கரித்தது. மீனைக் காரணம் காட்டக்கூட வழியில்லை, அவள் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் தபால்காரிக்கே உரிய பிடிவாதம், வந்த பார்சலைப் பாதியில் விடாது.

"சரி, அது அம்மா சமையல். என் வீட்டுக்கு வர்றதுக்கு என்ன?"

கிழவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீதானேம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிறே, அம்மா கைப்பக்குவம் அப்படியே எனக்கு வந்திருக்குன்னு? வந்துதான் இருக்கு. போன தடவை விருந்துக்கு வந்தப்ப சாப்பிட்டேனே. தம்பி வீட்டுல சமையலுக்கு ஆள் போட்டிருக்கான். விஷயம் அவ்வளவுதான்."

"என் வீட்டுக்காரர் ஒண்ணும் குறை சொன்னதில்லையே! தினமும் சாப்பிட்டுட்டு 'பிரமாதம்'னுதான் சொல்வார்."

"நானும் உங்கம்மாகிட்ட அதே வார்த்தையைத்தான் சொல்வேன்" என்றார் செக்கர். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் புரையேறும்வரை சிரித்தார். அவள் எழுந்துபோய் அவர் தலையைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

ஐஸ்கிரீம் வந்து உருக ஆரம்பித்தது. அவள் அதைக் கரண்டியால் கிளறிக்கொண்டே யோசித்தாள். கைப்பக்குவமா, அப்பாவா? இரண்டில் ஒன்றைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்.

"அடுப்பை அவர்கிட்ட விட்டுடறேன்பா" என்றாள் கடைசியில். "நான் சமையல்கட்டுப் பக்கமே வரமாட்டேன். நீங்க வாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

"உப்பு போடத் தெரியுமா மாப்பிள்ளைக்கு?"

"கத்துக்குவார்."

செக்கர் வாயைத் துடைத்துக்கொண்டார். "பெட்டி கட்டி மூணு நாளாச்சு. தம்பி வீட்டுக்குன்னு கட்டினது. ஆட்டோக்காரன்கிட்ட உன் விலாசத்தைச் சொன்னா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு, அவள் தொடாத மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் அவள் மாடிப்படியில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். அப்பா நம்மோடுதான் இருக்கப்போகிறார், இனிமேல் சமையல் உங்கள் பொறுப்பு என்றாள். சண்டைக்கு வருவான், என்ன பதில் சொல்வது என்று இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

"இன்னிக்கே ஆரம்பிச்சுடட்டுமா?" என்றான் அவன்.

கல்யாணத்தன்றுகூட அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை.