மெனு இருக்க வேண்டிய இடம்

அவர்களுடைய கல்யாணமே ஒரு மெனுச் சண்டையில் முளைத்ததுதான். சாப்பாட்டு மெனு இல்லை, கம்ப்யூட்டர் திரையில் இருக்கிற மெனு.

பத்திரிகைப் பக்கங்களை அமைக்கும் மென்பொருள் ஒன்று அவர்கள் அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. திரையை வடிவமைத்தவன் அவன். ப்ரோகிராம் எழுதி ஓடவைத்தவள் அவள். படிக்கிற கண் முதலில் இடது ஓரத்துக்குத்தான் போகும், மெனு அங்கேதான் இருக்க வேண்டும் என்றான் அவன். மவுஸ் பிடிக்கிற கை வலது கை, அதனால் வலது ஓரம் என்றாள் அவள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நின்றார்கள். கடைசியில் மெனு இடப்பக்கம் போனது, அவள் அவன் வீட்டுக்குப் போனாள்.

இப்போது மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, அவனுக்கு இடப்பக்கம் என்பதே இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. மூளைதான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. தட்டின் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்பான். முகத்தில் பாதிதான் சவரம். பாதித் திரையே அவனுக்கு முழுத் திரை.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா கண்டிப்பானவர். "எல்லாத்தையும் இடது பக்கமே வைங்க. நீங்களும் அங்கயே உக்காருங்க. தேடித் தேடித்தான் அந்தப் பக்கம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். பாவம் பாத்து மாத்திட்டீங்கன்னா, அப்புறம் தேடவே மாட்டார்."

அவளும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அவனுக்கு இடப்பக்கமே உட்கார்ந்து பார்த்தாள். அவன் தினமும் தன்னுடைய மென்பொருளைத் திறப்பான், மெனுவைக் காணாமல் மவுஸை வலப்பக்கமே உருட்டிக்கொண்டிருப்பான்.

"எந்தப் பய மெனுவத் தூக்குனான்?"

"இடது பக்கம் பாருப்பா."

"பாத்துட்டேன், இல்ல."

போகப் போகக் கோபமும் வற்றிவிட்டது. நேற்று மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே நான் எதுக்கும் ஆகமாட்டேன், இல்ல?" என்று கேட்டான். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

இன்று அவன் எழுந்திருப்பதற்குள் ப்ரோகிராமைத் திறந்து மெனுவை நகர்த்தினாள். வலது ஓரத்துக்கு இல்லை. திரையின் நட்டநடுவே, அவனுடைய உலகம் தொடங்குகிற இடத்தில் வைத்தாள். வேறு யார் பார்த்தாலும் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

மெனு கண்ணில் பட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. மளமளவென்று ஒரு பக்கத்தை அமைத்து முடித்தான். வலது பாதியில் மட்டும்.

"பாத்தியா, இடது ஓரத்துலதான் இருக்கு. கண்ணு நேரா அங்கதான் போகுது. அன்னிக்கே நான் சொன்னேன்ல?"

"ஆமா, நீதான் ஜெயிச்ச."

"நான் தேறிட்டேன். அந்த அம்மாவ நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடு."

"சரி" என்றாள். அழுகையில் குரல் உடைந்துவிட்டது. அவன் அவளைத் தேடி வலப்பக்கம் திரும்பினான். அங்கே வெறும் சுவர்.

"எங்க போயிட்ட?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.