பட்டி காய்வதற்குள்

தின்னரில் நனைத்த துணியை வலது கட்டைவிரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்துத் திருகினான் ஃபைஸான். துணிதான் கிழிந்தது. விரலில் ஒட்டியிருந்த ரெசின் மீன் செதில் மாதிரி பளபளவென்று அப்படியே இருந்தது.

வீட்டின் பின்பக்கம், குழாயடி. சுவருக்கு அந்தப் புறம் கூடத்தில் அவனுடைய அத்தா நசருல்லா வெள்ளைப் போர்வைக்குள் படுத்திருந்தார். பெண்கள் யாசீன் ஓதும் சத்தம் மெல்ல எழுந்து அடங்கியது. பக்கத்து முற்றத்தில் மாமு, அம்மாவுடைய தம்பி, மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்காக நாலு பக்கமும் சேலைகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இலந்தை இலை போட்ட தண்ணீர் அண்டாவில் சூடேறிக்கொண்டிருந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளிவாசலில் சொல்லியாகிவிட்டது.

ஒரே மகன். அத்தாவைக் குளிப்பாட்டுவதில் அவன் கை இருக்க வேண்டும், ஜனாஸா தொழுகையில் முன்வரிசையில் அவன் நிற்க வேண்டும். அதற்கு முதலில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். ஒளு என்றால் தண்ணீர் தோலில் பட வேண்டும். பாவம், அவனுக்கு இரண்டு மணிக்கட்டுக்கும் கீழே தோல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"அசிட்டோன் இன்னும் கொஞ்சம் ஊத்தவா மச்சா?" என்று கேனைச் சாய்த்தான் சுரேந்தர். உடன் வேலை செய்கிறவன். காலையில் சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி பழையபேட்டை வரைக்கும் பைக்கில் இவனைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தவனும் அவன்தான்.

"ஊத்து."

"இது வேலைக்கு ஆவாது. காயறதுக்கு முன்னாடி தொடச்சிருந்தா போயிருக்கும். இப்ப செட் ஆயிடுச்சு."

"ஊத்துடா."

சூளகிரிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. விமானத்திலிருந்து குதிக்காமலேயே ஆகாயத்தில் மிதக்கலாம் என்று பெங்களூரிலிருந்து ஆட்கள் காரில் வரப்போகிறார்கள். நடுவில் ஒரு கண்ணாடி அறை. கீழே கம்பி வலை. வலைக்கு அடியிலிருந்து கிளம்பும் காற்று ஆளை அப்படியே அந்தரத்தில் தூக்கி நிறுத்தும். உச்சியில் இருக்கும் ராட்சச விசிறிகள் இழுத்துத் தள்ளும் காற்று இரண்டு பக்கக் குழாய்களிலும் இறங்கி, மூலைக்கு மூலை வளைந்த தகடுகளில் திரும்பி, அடியில் புனல் மாதிரிக் குறுகிக்கொண்டே போகும் வாய்க்குள் நுழைந்து வேகம் பிடிக்கும். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அதை டனல் என்பார்கள். அந்தக் குறுகும் வாய் ஃபைபர் துண்டுகளால் ஆனது. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் ரெசினைக் கலந்து பட்டி பார்த்து வழவழப்பாக்குவது ஃபைஸானின் வேலை.

"ஒரு நகத்தளவு மேடு இருந்தாலும் காத்து அங்க இடறும். அங்க இடறுன காத்து மேல போய் ஆளைப் போட்டு உதறும்" என்று டனலை வரைந்த இன்ஜினியர் ரூபா முதல் நாளே சொல்லியிருந்தாள். அதனால் ஃபைஸான் கடைசித் தடவலுக்குக் கையுறையைக் கழற்றிவிடுவான். கண்ணுக்குத் தெரியாத மேடு உள்ளங்கைக்குத் தெரியும்.

நசருல்லாவுக்கு மகனுடைய வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிற்காது. மாங்காய் மண்டியில் காலம் தள்ளியவர் அவர். சித்திரையில் ஒரு காற்று அடித்தால் போதும், தோப்பில் பாதி தரையில் கிடக்கும், அவர் முகமும் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். "இந்த ஊர்ல காத்து எல்லாத்தையும் கீழ தள்ளுது. நீ ஆளை மேல தூக்குற காத்து செய்றியாக்கும்? எனக்குன்னு அந்தக் காத்துல ஒரு வண்டி எடுத்து வையி, தோப்புல விடறேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பிறகு மண்டியில் போய், "எம் பையன் காத்துக்கு ரோடு போடறான்" என்று பெருமை அடிப்பார்.

இன்று காலையில் ஃபைஸான் அந்த வாய்க்குள் சாரத்தில் மல்லாந்து படுத்திருந்தான். உள்ளே போகிறவர்கள் மோதிரம், சாவி, போன் எல்லாவற்றையும் வெளியே தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு ஆணி விழுந்து கிடந்தாலும் காற்று அதைத் தோட்டாவாக்கிவிடும். சுரேந்தர்தான் திறப்பில் தலையை நீட்டினான்.

"மச்சா, உன் போன் அடிச்சிகினே கீது. அம்மான்னு காட்டுது."

அம்மா போனிலிருந்து பேசுவது பெரும்பாலும் அத்தாதான். வரும்போது பேரீச்சம்பழம் வாங்கி வா, கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டேன் பார், இப்படி ஏதாவது. ஃபைஸான் கையில் இருந்த கப்பைப் பார்த்தான். ஹார்டனர் ஊற்றிக் கலக்கியாகிவிட்டது. இறுகப்போவதற்கு அடையாளமாகக் கப் கையில் சுட ஆரம்பித்திருந்தது.

"பட்டி கலந்துட்டேன்டா. இந்த ஒரு சேர்ப்பு முடிச்சிட்டு வந்து பேசறேன்."

கையுறை கிழிந்தபோதும் அவன் நிறுத்தவில்லை. வெறுங்கையால் இழுத்து முடித்தான். நல்ல சேர்ப்பு அது. உள்ளங்கையை ஓடவிட்டபோது துண்டு எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வெளியே வந்து போனை எடுத்தபோது அதில் அக்கா ஜைபாவின் அழுகை இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அக்காதான் முதலில் ஓடிவந்து அவன் தோளில் சாய்ந்தாள். "அத்தா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவுடனே அம்மா மொதல்ல உனக்குத்தான்டா அடிச்சாங்க. நீ எடுக்கலைன்னதும்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் ஓடியாறதுக்குள்ள..." குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் காலையிலிருந்து அதே வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினான். கையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான்.

"ஃபைஸான்."

இப்போது பின்கதவில் ரூபா நின்றாள். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"சுரேந்தர் சொன்னாரு. நீங்க அப்படியே விட்டுட்டு வந்திருக்கலாமே ஃபைஸான். காஞ்சா வெட்டி எடுத்துட்டு மறுபடி போட்டிருப்போம். ஒரு கப் ரெசின்தானே."

அவன் தலையை ஆட்டினான். "சரிங்க மேடம்" என்றான்.

அவள் உள்ளே பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். ஃபைஸான் எழுந்து பைக் நிற்கும் இடத்துக்குப் போனான். பக்கப் பெட்டியைத் திறந்து எமரி பேப்பர் ஒன்றை உருவிக்கொண்டு வந்து குழாயடியில் உட்கார்ந்தான். இடது கையை முழங்காலில் மல்லாத்தி வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். சேர்ப்பைத் தேய்க்கிற அதே தாள், அதே நிதானம். வெள்ளைத் தூள் பறந்தது. கொஞ்ச நேரத்தில் தூள் சிவந்தது.

"டேய், டேய். அது கைடா. டனல் இல்ல." சுரேந்தர் தாளைப் பிடுங்கினான்.

"குடுறா."

"குடுக்க மாட்டேன். வேணும்னா என்னைப் போட்டு அடி."

சத்தம் கேட்டு ஹஜ்ரத் எட்டிப் பார்த்தார். பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் இமாம். நசருல்லாவோடு தினமும் டீ குடித்தவர். கையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எடுக்க முடிஞ்ச வரைக்கும் எடுத்தா போதும் தம்பி. ரத்தம் வர்ற அளவுக்குப் போனா அதுக்கு மன்னிப்பு இருக்கு. மேலாப்புல தண்ணி ஊத்திக்க, ஒளு ஆயிடும்."

"இல்ல ஹஜ்ரத். போயிடும். கொஞ்ச நேரம் குடுங்க."

"மய்யித்த ரொம்ப நேரம் வைக்கக்கூடாதுப்பா."

"கொஞ்ச நேரம்."

ஹஜ்ரத் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய், யாரிடம் என்ன சொன்னாரோ, அம்மா வஜிஹா வெளியே வந்தாள். வெள்ளை முக்காடு, கையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம். காலையிலிருந்து மகனுக்கு அருகே வர அவளுக்கு இப்போதுதான் முடிந்தது. சுரேந்தர் எழுந்து சுவர் ஓரமாக நகர்ந்தான். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"இங்க குடு."

"எண்ணெயில போவாதும்மா."

"குடுன்னா குடு."

மகன் கையை மடியில் வைத்து, சூடான எண்ணெயை விரல் விரலாகத் தடவி ஊறவிட்டாள். பிறகு நகக்கண்ணின் ஓரத்தில் தன் நகத்தைக் கொடுத்து மெல்ல நெம்பினாள். ஒரு சின்ன ஏடு கிளம்பியது. அதைப் பிடித்து இழுக்காமல், இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்னும் கொஞ்சம் நெம்பினாள். தோல் உரிந்த இடம் வந்தால் ஊதிவிட்டாள். சின்ன வயதில் அவனுக்கு அக்கி வந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளாயிருக்கும்.

கட்டைவிரல் முடிந்து சுட்டுவிரலுக்கு வந்தாள்.

"நான் போன் பண்ணப்பவே எல்லாம் முடிஞ்சிடுச்சு கண்ணு" என்றாள், தலையைத் தூக்காமல். "நீ பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

ஃபைஸான் அவள் முக்காட்டின் நெற்றி ஓரத்தைப் பார்த்தான். உள்ளே அக்கா புதிதாக வந்த யாருக்கோ முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. 'அம்மா மொதல்ல தம்பிக்குத்தான் அடிச்சாங்க, அப்ப அத்தா நல்லா பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம்.' அந்தச் சத்தம் அம்மாவின் காதிலும் விழாமல் இருக்காது. அவள் அடுத்த விரலை எடுத்துக்கொண்டாள்.

"சரிம்மா" என்றான்.

"உன்னைக் கேக்கவும் இல்ல அவரு. மோட்டார் ஓடுது, தொட்டி வழியப்போகுது, போயி நிறுத்துன்னாரு. நெஞ்சு வலிக்குதுங்கிறீங்களே, இப்ப மோட்டாரா முக்கியம்னேன். போடின்னு கத்தறாரு. நிறுத்திட்டு வந்து பாக்கறேன்..."

விரலை எண்ணெயில் வைத்து அழுத்தினாள்.

"வழிஞ்சுதாம்மா?"

"எது?"

"தொட்டி."

"எங்க. பாதிகூட ரொம்பல."

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். ஃபைஸானின் கை அவள் மடியிலேயே கிடந்தது. சுவர் ஓரத்தில் சுரேந்தர் காலிக் கேனின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

ரேகைகளுக்குள்ளும் நகத்தின் அடியிலும் இருந்தது போகவில்லை. மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பாக, புதுத்தோலாக இருந்தது. ஹஜ்ரத் திருப்பிப் பார்த்து, "போதும்பா, வா" என்றார். அவன் சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவி ஒளு செய்தான். தண்ணீர் பட்டதும் இரண்டு கையும் தீயாக எரிந்தன. தண்ணீர் தோலில் படுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையிருக்கவில்லை.

சேலை மறைப்புக்குள் மாமு தண்ணீர் ஊற்றினார், ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்தார், ஃபைஸான் தேய்த்தான். துணி மூடிய உடம்பு பலகையில் அத்தனை சின்னதாக இருந்தது. வலப்புறம் முடிந்து ஒருக்களித்துப் பிடித்தபோது, பிடரிக்குக் கீழே கை ஒரு தடிப்பில் நின்றது. கூடை சுமந்த காய்ப்பு. மண்டியில் தரகராவதற்கு முன்னால் அத்தா கொஞ்ச காலம் கூடை தூக்கினார் என்று சொல்லக் கேட்டிருக்கிறான். தொட்டதில்லை.

"என்னடா?" என்றார் மாமு.

"ஒண்ணுமில்ல. ஊத்துங்க."

கடைசித் தண்ணீர் கற்பூரம் போட்டது. கஃபன் துணியை முகத்துக்கு மேல் முடிவதற்கு முன் அம்மாவும் அக்காவும் பார்த்தார்கள். பிறகு சந்தூக்குப் பெட்டியை ஆண்கள் தூக்கினார்கள். மண்டிக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். டனல் ஆட்கள் வேலை உடுப்போடேயே வந்திருந்தார்கள். தோள் மாறித் தோள் மாறி அத்தா போய்க்கொண்டே இருந்தார். பள்ளிவாசலில் ஃபைஸான் முன்வரிசையில், ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால் நின்றான். தக்பீர் சொல்லிக் கைகளைக் காதுவரை தூக்கினான். பிறகு நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொண்டான்.

கபர்ஸ்தான் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையின் ஓரம். குழிக்குள் இறங்கி அத்தாவை வாங்கிக் கிடத்தினதும் அவன்தான். மேலே ஏறி வந்ததும் முதல் பிடி மண் அவனுடையது. ஈரச் செம்மண். நிணம் கசிந்த உள்ளங்கையில் அது அப்பிக்கொண்டது. மூன்று பிடி போட்டுவிட்டு நகர்ந்து மற்றவர்களுக்கு வழி விட்டான்.

துஆ முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். வாசல் பக்கத்துக் குழாயில் வரிசையாக நின்று கை கழுவினார்கள். மாமு கழுவினார், மண்டிக்காரர்கள் கழுவினார்கள். சுரேந்தரும் கழுவிக்கொண்டு பேண்ட்டில் துடைத்தபடி பைக்கைக் கிளப்பினான். ஃபைஸான் குழாயைத் தாண்டி நேராக வந்து பின்னால் உட்கார்ந்தான்.

"கை கழுவலையா மச்சா?"

"அப்புறம்."

சுரேந்தர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை மெதுவாகவே ஓட்டினான். வீடு வரைக்கும் நெடுஞ்சாலைதான். ஃபைஸான் கைகளை முழங்காலில் மல்லாத்தி வைத்திருந்தான். மண் உலர்ந்து ஓரங்களில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஓசூர்ப் பக்கமிருந்து வந்த கன்டெய்னர் லாரி ஒன்று அவர்களை உரசுவதுபோலக் கடந்து போனது. அதன் காற்று பைக்கையே ஒரு பக்கமாகத் தள்ளியது.

அவன் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டான்.