சிவக்கக் காய்ச்சிய பித்தளை

ஆர்டிஸ் ஹோல்ம்பெர்க்கின் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாகிப்போனது காலிக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டா அடைக்கும் வேலைதான். சுட்டு முடித்த பித்தளைக் கூடு வெடிப்பின் வேகத்தில் சற்றே உப்பிப் போயிருக்கும். அதை எஃகு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பிரஸ் என்னும் அழுத்து இயந்திரத்தின் கைப்பிடியை முழு பலத்தோடு கீழே இழுக்க வேண்டும். குடும்பத்தின் வேட்டைத் துப்பாக்கிகளுக்கெல்லாம் தோட்டா அடைப்பவள் அவள்தான். கடைத் தோட்டாவை அந்த வீட்டில் யாரும் சீந்துவதில்லை. கூடுகளுக்கு மெழுகு தடவிப் பார்த்தாள். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிப் பார்த்தாள். பிரஸ்ஸைத் தாழ இறக்கி, உடம்பைச் சாய்த்து அழுத்தியும் பார்த்தாள். எல்லாமே கொஞ்சம் உதவின. ஆனாலும் வேலை முடிவதற்குள் தோள் தீயாய் எரியும்.

அந்த இலையுதிர் காலத்தில் வேலை திடீரென்று எளிதாகிவிட்டது. கைப்பிடி தானாகவே இறங்குவதுபோல் இறங்கியது. புதிதாக வாங்கிய மெழுகின் மகிமை என்று நினைத்துக்கொண்டாள். கூட்டின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மூடியைப் பதிக்கும்போதுகூடக் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. இவ்வளவு லேசாக உள்ளே போகலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. வலியில்லாத சந்தோஷத்தில் அதைத் தள்ளிவிட்டாள். வெடிமருந்தை எடைபோட்டுக் கொட்டி, குண்டைப் பொருத்தி, தோட்டாப் பெட்டியை மகள் லோர்னாவிடம் கொடுத்தாள்.

குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கும் எல்க் மான் வேட்டை தொடங்கிய அன்று, லோர்னாவும் அவள் கணவன் மெரிலும் விடிவதற்கு முன்பே மலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். வெளியே முதல் பனி விழுந்திருந்தது. ஆர்டிஸின் கணவன் வெண்டல் அடுப்படியில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் வாங்கின மெழுகு இருக்கே, அருமை. தோளே வலிக்கல" என்றாள் ஆர்டிஸ்.

வெண்டல் கரண்டியோடு திரும்பிச் சிரித்தான். "மெழுகுக்கா பேரு குடுக்கற? அது ஐயாவோட கைவேலை."

"நீ என்ன செஞ்ச?"

"நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப அந்தக் கூட்டையெல்லாம் கொட்டகைல செங்கல் மேல அடுக்கி கேஸ் டார்ச் நெருப்பால காய்ச்சினேன். செம்புக் குழாய வளைக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சுவோமே, அதே மாதிரி. காய்ச்சினா இளகிடும். இத்தன வருஷம் பிளம்பரா இருந்திருக்கேன், இதுகூடத் தெரியாதா? அப்பறம் பாலிஷ் மெஷின்ல போட்டுக் கருப்பெல்லாம் எடுத்துட்டேன். சொல்லாம வச்சிருந்து அசத்தலாம்னு."

ஆர்டிஸ் காபிக் கோப்பையை மேசைமேல் வைத்தாள். "குண்டு செருகற கழுத்த மட்டும்தானே காய்ச்சின?"

"கழுத்து மட்டும் எதுக்கு? முழுசா. செக்கச் செவேல்னு."

ஆர்டிஸ் எழுந்து கொட்டகைக்குப் போனாள். மிச்சமிருந்த வெற்றுக் கூடுகளில் ஒன்றை எடுத்து அதன் அடிப்பாகத்தைக் குறடால் இறுக்கினாள். நல்ல கூடு என்றால் குறடுதான் வழுக்கும். இது தகர டப்பாபோல் நசுங்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் நசுங்கியது.

பின்னாலேயே வந்த வெண்டல் வாசலில் நின்றான். "என்ன ஆச்சு?"

"கழுத்து இளகலாம், வெண்டல். அடி இளகவே கூடாது. உள்ள மருந்து வெடிக்கும்போது அதுக்கும் சுடறவங்க மூஞ்சிக்கும் நடுவுல இருக்கறது இந்த அடிதான். இது கிழிஞ்சா மொத்த நெருப்பும் பின்னால வரும்."

வெண்டலின் கையில் இன்னும் தோசைக்கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

லோர்னாவுக்குப் போன் போட்டாள். மலையில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் போட்டாள். மெரிலுக்கும் போட்டாள். பிறகு இருவரும் வண்டியில் ஏறினார்கள்.

காட்டுப் பாதை முழுவதும் பனி. வெண்டல் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஓட்டினான். அவன் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கி, குளிரில் தலையை வெளியே நீட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். துப்பாக்கிச் சத்தம் கேட்குமோ என்று பயம். கேட்காவிட்டால் ஏற்கெனவே கேட்டு முடிந்துவிட்டதோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"கொன்னுட்டேனா, ஆர்டிஸ்?" என்றான் வெண்டல்.

"ரோட்டப் பாத்து ஓட்டு." கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்: "பிரைமர் பொசுக்குன்னு உள்ள போச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். தப்பு உன்னோடது மட்டும் இல்ல."

பாதை முடியும் இடத்தில் லோர்னாவின் வண்டி நின்றது. அதன்மேல் பனி படிந்திருந்தது. காலடித் தடங்கள் மரங்களுக்குள் செங்குத்தாக ஏறிப் போயின. ஆர்டிஸ் அண்ணாந்து பார்த்தாள். இந்த வயதில் இந்தத் தோளை வைத்துக்கொண்டு ஏறி அவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வாய்விட்டு அழத் தோன்றியது. அடக்கிக்கொண்டாள்.

"ஹாரன அடி" என்றாள்.

"மான் எல்லாம் ஓடிப்போயிடுமே."

"ஓடட்டும். சுடறதுக்கு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. கைய எடுக்காம அடி."

வெண்டல் இரண்டு கைகளாலும் அழுத்தினான். பள்ளத்தாக்கு முழுவதும் அது அலறியது. காக்கைகள் கலைந்து பறந்தன. கீழே கூடாரம் போட்டிருந்த தாடிக்காரர் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். ஆர்டிஸ் விஷயத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு போய்த் தன் வண்டியின் ஹாரனையும் அழுத்தத் தொடங்கினார்.

ஆரஞ்சு மேலங்கி ஒன்று மரங்களுக்கிடையே தெரிந்தது. லோர்னா சறுக்கிக்கொண்டும் தாவிக்கொண்டும் இறங்கி வந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா? எவ்ளோ பெரிய கொம்பு தெரியுமா? குறி வச்சுட்டேன், விரல் டிரிக்கர்ல இருக்கு, இங்க கல்யாண ஊர்வலம் மாதிரி—"

ஆர்டிஸ் அவள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி போல்ட்டை இழுத்தாள். தோட்டா தெறித்துப் பனியில் விழுந்தது. அப்போதுதான் லோர்னா அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "யாருக்கு என்ன, அம்மா?"

"தோட்டா கெட்டுப் போச்சு. சுட்டா உன் மூஞ்சில வெடிக்கும். மெரில் எங்க?"

லோர்னா மலைமுகட்டைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் இறங்கினான். காத்து அங்கேருந்து இங்க அடிக்குது. இது அவனுக்குக் கேட்டிருக்காது." குரல் சன்னமாகிவிட்டது. "அவனும் இதே பெட்டிலேருந்துதான் எடுத்தான்."

யாரும் ஹாரனில் கை வைக்கவில்லை. அந்த அமைதியில் முகட்டுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. துப்பாக்கிச் சத்தம்தான், ஆனால் வழக்கமான சத்தம் இல்லை. தட்டையாக, பானை உடைந்ததுபோல் இருந்தது. இன்னொன்று வருமா என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

முதலில் ஓடியவன் வெண்டல். முட்டி தேய்ந்து மாடிப்படி ஏறவே முனகும் மனிதன், நான்கு காலால் தவழ்வதுபோல் பனியைப் பற்றிப் பற்றி ஏறினான். லோர்னா அவனைத் தாண்டிப் போனாள். ஆர்டிஸ் இடது கையால் கிளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். மூச்சு நெஞ்சை அறுத்தது. "மெரில், மெரில்" என்று லோர்னா கத்துவது மட்டும் மேலேயிருந்து கேட்டது. பதில் சொல்லும் குரல் எதுவும் கேட்கவில்லை.

மெரில் ஒரு விழுந்த மரத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தான். விரல் இடுக்குகளில் ரத்தம். கட்டை பிளந்த துப்பாக்கி தள்ளிக் கிடந்தது. அவன் காது அடைத்துப்போயிருந்ததால்தான் கூப்பிட்டது கேட்கவில்லை. லோர்னா தோளைத் தொட்டதும் திடுக்கிட்டான்.

"கைய எடு. பாக்கட்டும்" என்று அவன் காதருகே கத்தினாள் ஆர்டிஸ்.

"வேணாம் ஆர்டிஸ். கண்ணத் தொறக்க பயமா இருக்கு. தொறந்து ஒண்ணும் தெரியலன்னா?"

வெண்டல் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். ஆர்டிஸ் தண்ணீர்க் குப்பியைத் திறந்து, மெரிலின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கன்னம் முழுவதும் கருப்புப் புள்ளிகள். மூக்குக் கண்ணாடி விரிசல் விட்டு வளைந்திருந்தது; அதுதான் பெரும்பகுதியைத் தாங்கியிருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். இடது கண் திறந்தது. வலது கண் ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"இந்தப் பக்கம் மங்கலா இருக்கு" என்றான் கடைசியில். "ஆனா உங்க மூக்கு தெரியுது. அத மறைக்கணும்னா இதவிடப் பெருசா வெடிக்கணும்."

லோர்னா சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள்.

ஊர் மருத்துவமனையில் பித்தளைத் துணுக்குகளை எடுத்துக் கண்ணைக் கட்டினார்கள். கட்டை அவிழ்த்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். வெண்டல் உள்ளே வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். ஆர்டிஸ் போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ இங்கயே உக்காந்திருந்தா அவன் வேற மாதிரி நெனச்சுக்குவான். வா."

கூட்டிக்கொண்டு போனாள். வெண்டல் கட்டிலருகே நின்று என்ன செய்தான் என்பதை ஒளிக்காமல் சொன்னான். மெரில், "காபி கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டான். வெண்டல் வாங்கி வர ஓடினான்.

கட்டை அவிழ்த்தபோது பார்வை இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு நிழல்போல் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு மெரில் கடைத் தோட்டாவோடு மலைக்குப் போனான். நல்ல எல்க் ஒன்று எதிரிலேயே வந்து நின்றதாம். குறி வைத்தவன் டிரிக்கரை அழுத்தும்போது இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டான் என்று லோர்னா வந்து சொன்னாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் கடையில் வாங்கிய மாட்டிறைச்சியைத்தான் சாப்பிட்டார்கள்.